நாக்குக் கட்டிய மணி

யாங்கூன் லான்மடாவில், கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் சாந்தகுமாரியின் வீடு. கடையும் அவளுடையதுதான். அந்த வீட்டுச் சாமி அலமாரியில் ஒரு வெண்கல மணி இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற மணி. வாங்கி வருஷக்கணக்காகியும் ஒரு தடவைகூட அடித்ததில்லை. அதன் நாக்கில் மஞ்சள் துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். யாருக்கு நேர்ந்துகொண்டதோ அந்த அம்மன் காதில்தான் முதல் சத்தம் விழவேண்டும் என்பது சாந்தகுமாரி போட்ட சட்டம்.

நேர்ந்துகொண்ட கதை ஒன்றும் பெரியதில்லை. அவள் புருஷன் சுரேந்திரன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். உலகம் முழுக்க நோய் பரவி, துறைமுகங்களை எல்லாம் சாத்திய வருஷத்தில் அவன் கப்பல் எங்கேயோ நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. மாதக்கணக்கில் போன் இல்லை, தகவல் இல்லை. அந்த நாட்களில் சாந்தகுமாரி வேண்டாத சாமி இல்லை. காளி கோயிலுக்குப் பட்டுச் சேலை, ஷ்வேடகோன் பகோடாவில் தன் பிறந்த கிழமை மூலையில் மெழுகுவத்தி, தர்காவுக்குப் போர்வை, அந்தோணியாருக்கு மாலை. தெரிந்த பேரெல்லாம் தீர்ந்துபோன ஒரு சாயங்காலம், இடி இடிக்கும்போதெல்லாம் மாமனார் முணுமுணுக்கும் ஒரு பேர் ஞாபகத்துக்கு வந்தது.

"கரைகாத்தா தாயே, அவரைக் கரை சேத்துடு. உனக்கு ஒரு மணி வாங்கி என் கையாலயே கட்டுறேன்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் போன் வந்தது. அடுத்த மாதம் சுரேந்திரன் வந்து இறங்கினான், போனபோது இருந்ததைவிடக் குண்டாக.

பட்டும் போர்வையும் மாலையும் மெழுகுவத்தியும் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டன. மணி மட்டும் நின்றுபோனது. கரைகாத்தாள் கோயில் எங்கே இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது, அதுதான் சங்கடம்.

இருந்த கோயில்தான். மோன் ராஜாக்கள் ஆண்ட காலத்தில், கடல் தாண்டி வந்த தமிழ் வியாபாரிகள் த்வாண்டே பக்கத்து ஓடைக்கரையில் கட்டிய சின்னச் செங்கல் கோயில் என்று பெரியவர்கள் சொல்வார்கள். படகில் வந்தவர்கள் அங்கே இறங்கிக் கும்பிட்டுவிட்டு மேலே நடப்பார்களாம். டகோன் பகோடாவுக்கு யாத்திரை போகிற மோன்காரர்களும் அங்கே தங்கிப் போவார்களாம். பிறகு ஓடை வேறு வழி பார்த்துக்கொண்டது. கோயில் புதருக்குள் மறைந்தது. வெள்ளைக்காரன் கால்வாய் வெட்டியபோது மண் சுமக்க வந்த தமிழர்கள் இடிந்த சுவரைக் கண்டு விளக்கேற்றினார்கள். மாசி மாசம் யாங்கூனிலிருந்து ஜனங்கள் போய்வந்தார்கள். அப்புறம் யுத்தம். குண்டு விழுந்ததும் ஊரே கால்நடையாக ஓடியது. திரும்பி வந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். செங்கல் எங்கே போனது, சிலை எங்கே போனது, ஒன்றும் தெரியவில்லை. இடம் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிவிட்டார்கள்.

கோயில் காணாமல் போனது ஊர் வருத்தம். மணி வீட்டிலேயே கிடப்பது சாந்தகுமாரியின் வருத்தம். கரண்ட் போனால் மணிதான் காரணம். எலி தார்ப்பாயைக் கடித்தால் மணி. மகளைப் பெண் பார்க்க வருகிறேன் என்றவர்கள் வராமல் போனாலும் மணி.

"ஏன் குமாரி, லான்மடா முழுக்கத்தான் கரண்ட் போயிருக்கு. எல்லார் வீட்டுலயும் அம்மனுக்குப் பாக்கி இருக்கா?" என்பான் சுரேந்திரன்.

"நீங்க பேசாதீங்க. அவ கொண்டாந்து சேத்த உடம்பு இது" என்று அவன் தொப்பையைக் காட்டுவாள்.

கோயிலைத் தேட ஒரு குழு இருந்தது. அதற்குத் தலைவர் விநாயகமூர்த்தி. துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு பன்சொடான் துறையில் படகேறி, ஆற்றுக்கு அக்கரையில் தாலாவில் இறங்கி, லைன்கார் என்கிற பாசஞ்சர் வண்டி பிடித்து த்வாண்டே கால்வாய்ப் பாலம்வரை போவார்கள். அங்கிருந்து நடை. அவர் வைத்திருந்த ஒரே விதி இது: தேடிப் போவதும் யாத்திரைதான். பாலத்தில் இறங்கினால் செருப்பைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட வேண்டும். திரும்ப வண்டி ஏறும்வரை வெறுங்கால்.

சாந்தகுமாரிக்குச் சர்க்கரை. ஒரு முள் குத்தினால் ஆறு மாதம் ஆறாது என்று பயமுறுத்திய டாக்டர், வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் எழுதிக் கொடுத்த செருப்பு நீல நிறத்தில், பட்டை பட்டையாக ஒட்டி மூடுகிற மாதிரி, இரண்டு சின்னத் தோணிகள் போல இருக்கும்.

"அதைப் போட்டுக்கிட்டு யாத்திரைக்கு வரமுடியாதும்மா. உனக்குப் பதிலா உன் புளிச்சோறு வரட்டும்" என்று விநாயகமூர்த்தி சொல்லிவிட்டார். அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் புளிச்சோறு மாதம் தவறாமல் போயிற்று. தூக்குச்சட்டி காலியாகத் திரும்பி வந்தது. கோயில் மட்டும் வரவில்லை.

சட்டியைத் திருப்பித் தருகிற சாக்கில் அவர் கடைவாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கதை சொல்வார்.

"வயல்காட்டுல நாங்க வெறுங்காலோட போறோம்ல. எதிர வர்ற கிராமத்து ஜனம் எங்களைப் பாத்துட்டு என்ன பண்ணுது தெரியுமா. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்குது. நம்ம விரதத்துக்கு அவ்வளவு மரியாதை. நானும் போதும் போதும்னு கையைக் காட்டிட்டுப் போவேன்."

"மழைக்காலம்ணே. சேறா இருந்திருக்கும்" என்பார் கூட வந்த உதயசூரியன்.

உதயசூரியன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர். வாத்தியாரைப் பர்மாவில் சயா என்று கூப்பிடுவார்கள். அவர் எல்லாருக்குமே சயாதான். போகிற இடமெல்லாம் ஒரு இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு போய் மண்ணில் குத்திப் பார்ப்பார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருகிற ஒரே பதில், "இருக்கலாம்."

அந்த மாசி மாதம் விநாயகமூர்த்திக்குப் பொறுமை போய்விட்டது. கால்வாய்க் கரையில் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில் ஒரு மேடு, மேட்டில் உடைந்த செங்கல்கள். அதுதான் இடம் என்று முடிவு கட்டினார். தேநீர்க்கடையில் எல்லாரையும் கூட்டி, வருகிற ஞாயிறு சூலம் நட்டு, விளக்கேற்றி, சாந்தகுமாரியின் மணியையும் கட்டிவிடலாம் என்றார்.

"சயா, அந்தச் செங்கல் கோயில் செங்கல்தானா?" என்று சாந்தகுமாரி கேட்டாள்.

"இருக்கலாம்" என்றார் உதயசூரியன். பிறகு மனசு கேட்காமல், "ஆனா அதுல பச்சையா கண்ணாடி மாதிரி வழிஞ்சு ஒட்டியிருக்கு. அது பழைய காலத்துப் பானைச் சூளையில வர்ற மெருகு. த்வாண்டேயில எங்க தோண்டினாலும் சூளை இருக்கும்" என்றார்.

"மூணு வருஷமா நடந்து என் பாதமே தேஞ்சுபோச்சு, சயா. அம்மனை நாம எங்க வெக்கிறமோ அதான் அவளுக்கு இடம். அவ அனுசரிச்சுக்குவா" என்றார் விநாயகமூர்த்தி.

"அண்ணே, நான் வேண்டுனது கரைகாத்தாகிட்ட. பானை சுடுற அடுப்புகிட்ட இல்லை" என்றாள் சாந்தகுமாரி.

கடைக்குள் சிரிப்பு எழுந்தது. விநாயகமூர்த்தியும் சிரித்தார். ஆனால் முடிவை மாற்றவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றாள். நீங்களே சொல்லுங்கள், அவளும் என்ன செய்வாள்? தவறான இடத்தில் கட்டிவிட்டால் பாக்கி தீராது, மணியும் கையை விட்டுப் போய்விடும். கட்டாமல் விட்டால் குழுவே கலைந்துவிடும், அப்புறம் கோயிலைத் தேட ஆளே இருக்காது.

"என் கையாலயே கட்டுறேன்னு சொல்லியிருக்கேன். அதையாவது செய்யணும். நானும் வர்றேன்" என்றாள்.

"வா. வழி பண்ணுறேன்" என்றான் சுரேந்திரன்.

ஞாயிற்றுக்கிழமை கால்வாய்ப் பாலத்தில் லைன்கார் நின்றதும் எல்லாரும் செருப்பைக் கழற்றிச் சாக்கில் போட்டார்கள். சாந்தகுமாரி தன் தோணிகளோடு ஓரமாக நின்றாள். தோளில் பை. பைக்குள் மணி, செவ்வந்தி மாலை, கடையிலிருந்து எடுத்த நல்ல கயிறு ஒரு கண்டு.

சுரேந்திரன் பண்ணின வழி மோட்டார் சைக்கிளில் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் பேர் மாலா. கன்னத்தில் தனக்காப் பட்டை அரைத்துப் பூசி, தலையில் மூங்கில் தொப்பி வைத்திருந்தாள். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. வார நாளில் பானைச் சுமை ஏற்றுவாள், ஞாயிற்றுக்கிழமை ஆள் ஏற்றுவாள்.

"வண்டியில போனா உன் கால் மண்ணுல படாது. செருப்பும் இருக்கும், விரதமும் இருக்கும்" என்றான் சுரேந்திரன்.

விநாயகமூர்த்தி கொஞ்சம் யோசித்தார். "வண்டியைப் பத்தி விதியில ஒண்ணும் சொல்லலை. வரட்டும்" என்றார்.

யாங்கூன் நகரத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. அதனால் சாந்தகுமாரி பிறந்ததிலிருந்து அதில் ஏறியதில்லை. ஏறி உட்கார்ந்ததும் மாலாவின் இடுப்பை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மூச்சு விட முடியலை" என்றாள் மாலா.

"நீ மூச்சு விட்டா நான் விழுந்துடுவேன்."

கரையோடு போகிற ஒற்றையடிப் பாதையில் மூங்கில் பாலங்கள் இருந்ததால் வண்டி போகாது. நடப்பவர்கள் அந்த வழியே போனார்கள். மாலா கிராமத்தைச் சுற்றிக்கொண்டு வயல் வழியாகப் போனாள். அறுவடை முடிந்த வயல்கள். வைக்கோல் போர்களின் பக்கத்தில் வாத்துக் கூட்டம். அகலமான வரப்பு ஒன்றில் வண்டி ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் ஒற்றைப் பனைமரத்தடியில் மாலா வண்டியை நிறுத்திவிட்டாள். இறங்கினாள். தன் செருப்பைக் கழற்றி வண்டியின் கைப்பிடியில் மாட்டினாள்.

"அக்கா, பனாட்" என்று சாந்தகுமாரியின் காலைக் காட்டினாள். பனாட் என்றால் செருப்பு.

"எனக்குச் சர்க்கரை, கண்ணு. கழட்டக்கூடாது."

"இறங்கவேணாம். செருப்பு மட்டும் இங்க விடுங்க. நீங்க மேலயே உக்காருங்க. நான் தள்ளுறேன்."

எதற்கு என்று கேட்க சாந்தகுமாரிக்குத் தோன்றவில்லை. சேறு இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பட்டைகளைப் பிரித்து நீலச் செருப்பைப் பனைமரத்தடியில் போட்டாள். மாலா வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். சாந்தகுமாரி மேலே, உற்சவ அம்மன் மாதிரி, பையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். கீழே பார்த்தாள். சேறு இல்லை. வரப்பு எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது.

எதிரே ஒரு ஆள் சைக்கிளில் வந்தான். சட்டைப்பையில் போன் பாடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மதகு பக்கத்தில் வந்ததும் இறங்கினான், பாட்டை நிறுத்தினான், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனான். சாந்தகுமாரி திரும்பிப் பார்த்தாள். பனைமரத்தைத் தாண்டியதும் செருப்பைப் போட்டான், பாட்டைப் போட்டான், ஏறிப் போய்விட்டான்.

விநாயகமூர்த்தி கடைவாசலில் சொன்ன கதை அவள் காதில் திரும்பவும் கேட்டது. நம்ம விரதத்துக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் இப்போது இங்கே விநாயகமூர்த்தி இல்லையே. விரதக்காரர்கள் ஒருத்தரும் இல்லை. இருப்பது செருப்போடு வந்த ஒரு சாந்தகுமாரி மட்டும்தான்.

"கண்ணு, நில்லு. யாரைப் பாத்து நீ செருப்பைக் கழட்டுனே?"

மாலா சுற்றிலும் பார்த்தாள். "யாரும் இல்லையே அக்கா."

"பின்ன எதுக்குக் கழட்டுனே?"

"மதிபூ" என்றாள் மாலா. தெரியாது என்று அர்த்தம். "இங்க எல்லாரும் கழட்டுவாங்க. அம்மா கழட்டுவா, அம்மாவோட அம்மா கழட்டுவா. போட்டுக்கிட்டு நடந்தா கால் கூசும்."

"இங்கேருந்து எதுவரைக்கும்?"

"மதகு வரைக்கும்."

சாந்தகுமாரி வயலைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள்; ஒரு பக்கம் தூரத்தில் ஒரு மடம், எதிர்ப்பக்கம் ஒரு குடிசை. மெதுவாகக் கேட்டாள். "இந்த வழியில வர்றவங்க பனைமரத்துல கழட்டுறாங்க. மடத்துப் பக்கமிருந்து குறுக்கே வர்றவங்க எங்க கழட்டுவாங்க?"

"அந்த இலந்தை மரத்துல."

"எதிர்ப்பக்கம், அந்தக் குடிசைப் பக்கமிருந்து வந்தா?"

"அங்க ஒரு கல்லு இருக்கு. அங்க."

"என்னை அங்கெல்லாம் தள்ளிக்கிட்டுப் போறியா?"

மாலா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் தள்ளினாள். தாள் குத்தும் வயலில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. முதலில் பனைமரத்துக்குத் திரும்பினார்கள். சாந்தகுமாரி மாலையிலிருந்து ஒரு பிடி செவ்வந்தியைப் பிய்த்து அங்கே போட்டாள். இலந்தை மரத்தடியில் ஒரு பிடி. மதகில் ஒரு பிடி. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிடி. மாலை இளைத்துப்போனது. திரும்பிப் பார்த்தாள். பச்சையில்லாத வெறும் வயலில் நான்கு மஞ்சள் புள்ளிகள். அவற்றின் நடுவே ஒரு சின்னக் கோயிலும் அதைச் சுற்றி வர ஒரு பிராகாரமும் வைக்கிற அளவுக்கு இடம்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. விநாயகமூர்த்தியின் குரல் போன் இல்லாமலே கேட்கும்போல இருந்தது.

"எங்கம்மா போய்த் தொலைஞ்சே? முகூர்த்தம் போகுது. சூலம் நட்டாச்சு. மணி எங்க?"

"மணி அதோட இடத்துக்கு வந்துடுச்சுண்ணே. நீங்கதான் வரணும். சயாவைக் கம்பியோட கூட்டிக்கிட்டு வாங்க."

அவர்கள் வந்தார்கள். கரையிலிருந்து வயலுக்கு இறங்கி, கோபமும் வியர்வையுமாக வந்தார்கள். சுரேந்திரன் முன்னால் ஓடிவந்தான், இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. வந்து பார்த்தால் பெண்டாட்டி மோட்டார் சைக்கிள் மேல் வெறுங்காலோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் சொன்னதைக் கேட்டு விநாயகமூர்த்தி இடுப்பில் கை வைத்தார். "செருப்பை வெச்சு கோயிலைக் கண்டுபிடிச்சோம்னா ஊர் சிரிக்கும்மா. மூணு வருஷமா இந்த வரப்புல எத்தனை தடவை நடந்திருக்கோம். எங்களுக்குத் தெரியாததா?"

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. நீங்க எப்பவாச்சும் செருப்போட இந்த வரப்புல நடந்திருக்கீங்களா?"

"என்ன பேச்சு இது. ஒரு நாளும் இல்லை. பாலத்துலயே கழட்டி..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

பிறகு சுரேந்திரன்தான் ஆரம்பித்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தால் முதலில் தொப்பைதான் குலுங்கும். "செருப்போட வந்திருந்தா இந்த ஜனங்க முதல் நாளே சொல்லியிருப்பாங்க, அண்ணே. பனாட்டைக் கழட்டுன்னு. நம்மகிட்ட கழட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லை. அவங்க என்னத்தைச் சொல்லுவாங்க?"

"கோயில் எங்கேன்னு வீடு வீடாக் கேட்டேனே" என்றார் விநாயகமூர்த்தி. குரல் பாதியாக இறங்கியிருந்தது. மாலாவைப் பார்த்து, "உங்க வீட்டுலகூடக் கேட்டேனேம்மா. இல்லைன்னுதானே சொன்னீங்க" என்றார்.

"கோயில் இல்லையே ஐயா. இருந்தா சொல்லுவோம்" என்றாள் மாலா. "செருப்பு எங்க கழட்டுவீங்கன்னு நீங்க கேக்கலை."

"கையைக் கையைக் காட்டிட்டு வேற போனீங்க, போதும் போதும்னு" என்றார் உதயசூரியன்.

விநாயகமூர்த்தி தலையைத் தொங்கப் போட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சாந்தகுமாரி பதறிப்போனாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் அது சிரிப்பில் வந்த தண்ணீர்.

வயல் மாலாவின் மாமாவுடையது. ஆள் அனுப்பியதும் வந்தார். இலந்தை மரத்தடியில் ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தார். அவருக்குத் தமிழ் வராது. மாலா நடுவில் நின்று பேசினாள். இந்தத் துண்டில் ஆழ உழுவதில்லை, உழுதால் கலப்பை தட்டும், அப்பா காலத்திலிருந்து மேலாகக் கீறிவிட்டு விதைப்பதுதான் வழக்கம் என்றார். குத்திப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, மெதுவாக என்றார்.

உதயசூரியன் நான்கு மஞ்சள் புள்ளிகளுக்கும் நடுவில் போய் நின்று கம்பியை அழுத்தினார். கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. சட்டென்று நின்றது. பக்கத்தில் ஓரடி தள்ளிக் குத்தினார். அங்கேயும் நின்றது. இன்னும் ஓரடி. நேர்க்கோடு பிடித்த மாதிரி வரிசையாக நின்றுகொண்டே போய், ஒரு மூலையில் திரும்பியது.

மாமாவே மண்வெட்டி கொண்டுவந்து ஒரு முழம் தோண்டினார். முழங்கை நீளத்துக்கு ஒரு செங்கல் வந்தது. உதயசூரியன் துண்டால் துடைத்தார். மேல்பரப்பில், ஈரமாக இருந்தபோது யாரோ விரலால் இழுத்த மூன்று கோடுகள். உடைந்த ஓரத்தில் உமி கருகிய தடம். பச்சை மெருகு எங்கேயும் இல்லை.

"இது அந்தக் காலத்துச் செங்கல். சூளைக்காரன் செங்கல் இல்லை" என்றார். 

"கரைகாத்தாதானா, சயா?" என்று சாந்தகுமாரி கேட்டாள்.

எல்லாரும் அவருடைய வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவர் வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். வயல்களுக்கு நடுவே நீளமாக ஒரு பள்ளம் வளைந்து வளைந்து போயிற்று. இவ்வளவு நேரம் எல்லாரும் அதை வாய்க்கால் என்றுதான் நினைத்திருந்தார்கள். "பழைய ஓடை அதான். இது அதோட கரை. வேற யாரா இருக்கமுடியும்?" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா மூன்று மூங்கில் கொடுத்தார். அவற்றை முக்காலி மாதிரி ஊன்றினார்கள். கயிறு சாந்தகுமாரியின் கடைக் கயிறு. முடிச்சுப் போடுவதில் அவளுக்குச் சமமாக லான்மடாவில் ஆள் கிடையாது. வண்டியை மூங்கிலுக்குப் பக்கத்தில் தள்ளி நிறுத்தச் சொல்லி, கால் மண்ணில் படாமலே எட்டி, மணியைத் தன் கையாலேயே கட்டினாள். இளைத்துப்போன மாலையை மூங்கிலில் சுற்றினாள்.

மணி நாக்கின் முடிச்சுதான் அவிழவில்லை. இத்தனை வருஷத்தில் நூல் இறுகிக் கல்லாகியிருந்தது. நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். மாலா முயன்று பார்த்தாள். கடைசியில் சுரேந்திரன் மணிக்கு அடியில் தலையைக் கொடுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"கப்பல்ல இருந்து என்னைக் கொண்டுவந்தது இதுக்குத்தான்போல" என்றான், வாயில் நூலோடு.

மஞ்சள் துணி கீழே விழுந்தது. சாந்தகுமாரி கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

சின்ன மணிதான். ஆனால் வெட்டவெளி. சத்தம் பனைமரத்தைத் தாண்டி, பழைய ஓடைப் பள்ளத்தோடு போயிற்று. வாத்துக் கூட்டம் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவள் திரும்பவும் அடித்தாள். "வந்துட்டேன் தாயே, லேட்டாயிடுச்சு" என்று சொல்ல நினைத்தாள். சொல்லாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். மாலாவும் அவள் மாமாவும் கைகூப்பினார்கள். இனிமேல் வாரத்துக்கு ஒரு நாள் தானே விளக்கு வைப்பதாக மாமா சொன்னார். யாரென்று தெரியாமலே இத்தனை காலம் தான் மரியாதை செய்துவந்த ஒருத்தியின் பேரை அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். சொல்லிப் பார்த்தார். கரைகாத்தாள் என்பது அவர் வாயில் நுழைய மூன்று முயற்சி ஆயிற்று.

திரும்பும்போது பனைமரத்தடியில் விநாயகமூர்த்தி நின்றுவிட்டார். அங்கே நீலச் செருப்பு ஒரு ஜோடி மட்டும் தனியாகக் கிடந்தது. அதைப் பார்த்தார். தூசியும் முள்ளும் ஏறிய தன் பாதத்தைப் பார்த்தார். குனிந்து, செருப்பை எடுத்து, தூசி தட்டி, வண்டியில் இருந்தவளின் காலடியில் நீட்டினார்.

"ஐயோ அண்ணே, நீங்க போய்..."

"சும்மா இரும்மா. வழி காட்டுன செருப்பு" என்றார். பிறகு எல்லாரையும் பார்த்துக் குரலை உயர்த்தினார். "விதியை மாத்துறேன். அடுத்த தடவை எல்லாரும் செருப்போட வரணும். பாலத்துல யாரும் கழட்டக்கூடாது. கழட்டவேண்டிய இடம் இது."

அன்று ராத்திரி வீட்டில் சாமி அலமாரியில் மணி இருந்த இடம் வெறுமையாக, வட்டமாகத் தூசியில்லாமல் இருந்தது. சாந்தகுமாரி அதைத் துடைக்க மனசில்லாமல் நின்றாள். அப்போது பொசுக்கென்று கரண்ட் போயிற்று.

"இப்ப யார் மேல பழி போடுவே?" என்றது இருட்டுக்குள் சுரேந்திரனின் குரல்.

"உங்க மேலதான்" என்றாள் அவள். சிரித்துக்கொண்டே மெழுகுவத்தியைத் தேடினாள்.

அடுத்த மாசம் போனபோது பனைமரத்தடியில் செருப்புகள் வரிசையாக இருந்தன. மாலாவின் ரப்பர் செருப்பு, சயாவின் தேய்ந்த தோல் செருப்பு, நடுவில் அந்த இரண்டு நீலத் தோணிகள். எல்லாவற்றுக்கும் முன்னால், பளபளவென்று, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் ஒரு ஜோடி. அது விநாயகமூர்த்தியுடையது. இங்கே வந்து கழற்றுவதற்காகவே வாங்கியது.